பாட்டோடு பெயரும் போய்ச் சேர வேண்டும்

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்றே வாங்கி வைத்த பிளேயர் பழுதாகும் நிலைக்கு வந்து, அதிலுள்ள பாடல்களை இன்னொரு பிளேயருக்கு மாற்ற வேண்டி வரும்போது, பெரும்பாலோர் அதைக் கோப்புகளை நகலெடுக்கும் வேலையாகவே எண்ணுகிறார்கள். நகலெடுப்பது அதில் எளிதான பகுதி. எந்தப் பாட்டு எது, யார் பாடியது, எந்தத் தட்டில் எத்தனையாவது, எந்தக் கோயிலில் எந்த ஆண்டு பதிவானது என்ற விவரங்களும் கூடவே போய்ச் சேர்ந்தால்தான் ஒரு தொகுப்பு முழுதாக இடம் மாறியது என்று சொல்ல முடியும். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் வாழும் என் பெரியப்பாவின் தொகுப்பை அண்மையில் மாற்றிக் கொடுத்தபோது, என் நேரத்தில் மிகப் பெரும் பங்கு இந்த விவரங்களுக்கே போயிற்று. இதே நிலையில் உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய இருப்பதால், அந்த வேலையின் நெளிவுசுளிவுகளைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொகுப்பின் தன்மையை முதலில் சொல்ல வேண்டும். இந்திய வம்சாவளியினர் மீதான பாகுபாட்டை எதிர்த்து இந்தியா 1946இல் தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தை நிறுத்தியது. அந்தத் தடை 1990களின் தொடக்கம் வரை நீடித்தது. பெரியப்பாவின் இளமைக் காலம் முழுவதும் தமிழ்நாட்டிலிருந்து ஓர் இசைத்தட்டு நேராக வந்து சேர்வது எளிதாக இருக்கவில்லை. ஒரு வீட்டில் இருந்ததை இன்னொரு வீட்டார் இரவல் வாங்கிக் கேசட்டில் பதிந்துகொண்டார்கள். 1983இல் ரேடியோ லோட்டஸ் தொடங்கியபின் வானொலியிலிருந்து பதிந்த கேசட்டுகள் சேர்ந்தன, அதன்பின் சிடிகள். இவற்றுக்கு நடுவே குடும்பக் கல்யாணங்களில் ஒலித்த நாகசுரம், தைப்பூசக் காவடியின்போது கோயிலில் பாடியவை, புரட்டாசிச் சனிக்கிழமை பஜனைகள், இங்கே ஆங்கிலத்தில் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று வழங்கப்படும் தெருக்கூத்தின் பதிவுகள் ஆகியவையும் இருக்கின்றன. பழைய சினிமாப் பாட்டு தொலைந்துபோனால் இன்று ஏதாவதொரு ஸ்ட்ரீமிங் சேவையில் தேடி எடுத்துவிடலாம். ஒரு கூத்து வாத்தியார் விடிய விடியப் பாடியதன் பதிவு அந்த ஹார்ட் டிஸ்க்கைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. இந்த வேலையில் நான் காட்டிய கண்டிப்புக்கு இதுவே காரணம்.

பழைய பிளேயர் பத்தாண்டுகளுக்கு முன்பு பரவலாக விற்பனையான வகையைச் சேர்ந்தது. முன்பக்கம் சிடி செருகும் வாய், உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க், பின்பக்கம் கேசட் டெக்கை இணைக்கும் துளைகள். சிடியைச் செருகினால் அதுவே படித்துச் சேமித்துக்கொள்ளும். இணையத்தில் ஒரு தரவுத்தளத்தைக் கேட்டுப் பாடல்களின் பெயர்களையும் வாங்கிக்கொள்ளும். கேசட்டிலிருந்து ஏற்றியவற்றுக்குப் பெரியப்பா ரிமோட்டின் எண் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி ஆங்கில எழுத்தில் பெயர் இட்டிருந்தார். அப்படிப் பெயரிடுவதற்கு அவர் செலவிட்ட மாலைப் பொழுதுகளை நினைத்துப் பார்த்தால், அந்தப் பெயர்களில் ஒன்றைக்கூட இழக்க மனம் வராது.

இந்த வகைப் பிளேயர்கள் பலவற்றில் உள்ள சிக்கலே அந்தப் பெயர்கள் இருக்கும் இடம்தான். டிஸ்க்கில் ஒவ்வொரு சிடியும் ஓர் எண்ணிட்ட கோப்புறையாகவும், பாடல்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்ற சுருக்கப்படாத வெறும் வேவ் ஒலிக்கோப்புகளாகவும் கிடக்கும். பாட்டின் பெயரும் பாடகரின் பெயரும் பிளேயர் தனக்கென வைத்திருக்கும் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கும். பெட்டியின் திரையில் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகத் தெரிவதால், பெயர்களும் பாட்டுக்குள்ளேயே இருப்பதாக நமக்குத் தோன்றிவிடுகிறது. உறவினர் ஒருவர் முன்பே நல்லெண்ணத்தோடு அந்த டிஸ்க்கிலிருந்து கோப்புகளைப் பென் டிரைவில் இழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அதைக் கேட்டுப் பார்த்த பெரியப்பா என்னிடம் சொன்னது இதுதான்: “பாட்டெல்லாம் வந்திருக்குப்பா. ஆனா எது யார் பாடினதுன்னு பெட்டி சொல்ல மாட்டேங்குதே.”

ஆகவே, மாற்றத் தொடங்குமுன் பழைய பிளேயரின் மெனுவைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அதில் ‘பேக்கப்’ என்றும் ‘எக்ஸ்போர்ட்’ என்றும் இரண்டு வசதிகள் இருக்கக்கூடும், இரண்டும் ஒன்றல்ல. பேக்கப் என்பது பெரும்பாலும் அதே நிறுவனத்தின் அதே வகைப் பெட்டியில் திரும்ப ஏற்றுவதற்கான மூட்டை. வேறெந்தக் கருவிக்கும் அதைப் பிரிக்கத் தெரியாது. எக்ஸ்போர்ட் என்பது பெயர்களைக் கோப்புக்கும் கோப்புறைக்கும் இட்டு, எந்தக் கணினியும் படிக்கும் வகையில் வெளியே எழுதித் தருவது. சில பெட்டிகள் எக்ஸ்போர்ட் செய்யும்போதே வேவ் கோப்பை, ஒலியைக் குறைக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவமாக மாற்றி, பெயர்களை அதற்குள் பதித்துத் தரும். அந்த வசதி இருந்தால் வேறு குறுக்கு வழிகளை நாட வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் எடுத்தாலும் அதையே பயன்படுத்த வேண்டும். பெரியப்பாவின் பெட்டியில் அது இருந்தது. மெனுவின் அடியாழத்தில் இருந்ததால் யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை.

எக்ஸ்போர்ட் வசதி இல்லாதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வீட்டு நெட்வொர்க் வழியாகப் பிளேயரின் டிஸ்க்கைக் கணினியில் திறப்பது. பழைய பெட்டிகள் பல எஸ்எம்பி என்ற பகிர்வு முறையின் முதல் பதிப்பை மட்டுமே அறிந்தவை. 2017 மே மாதத்தில் வானாகிரை என்ற தீநிரல் அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகவே உலகெங்கும் பரவியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டிலிருந்து அது தானாக நிறுவப்படுவதில்லை. அதனால்தான் முன்பு தெரிந்த பெட்டி புதுக் கணினியில் தெரிவதில்லை. பெட்டி கெட்டுவிட்டது என்று பொருளில்லை. விண்டோஸ் அமைப்புகளில் அதை இயக்கி, வேலை முடிந்த கையோடு அணைத்துவிட வேண்டும். இன்னொரு வழி, டிஸ்க்கையே கழற்றிக் கணினியில் இணைப்பது. இந்தப் பெட்டிகள் பலவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸ். டிஸ்க்கும் லினக்ஸ் முறையில் அமைந்திருக்கும். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாததால், டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. ஒரு லினக்ஸ் கணினியில், எழுதும் உரிமை இல்லாமல் படிக்க மட்டும் திறந்து, நகலெடுப்பதே பாதுகாப்பான வழி.

நேரக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. சிடித் தரத்தில் ஒரு நொடிப் பாட்டு 1,76,400 பைட்டுகள். அதாவது ஒரு நிமிடத்துக்கு 10 மெகாபைட்டுக்குச் சற்று மேல். 400 ஜிகாபைட் தொகுப்பை, 100 மெகாபிட் வேகமுள்ள பழைய நெட்வொர்க் துளை வழியாக வெளியே எடுத்தால், நொடிக்கு 11 மெகாபைட் என்ற கணக்கில் சுமார் 10 மணி நேரம் ஆகும். வேறு நாட்டில் இது ஓர் இரவில் தானாக முடிந்துவிடும் வேலை. இங்கே லோட் ஷெடிங்கை மறந்துவிட்டு எதையும் திட்டமிட முடியாது. 2007இன் இறுதியில் தொடங்கி விட்டு விட்டு வந்த இந்த மின்வெட்டு, 2023இல் உச்சத்தைத் தொட்டது. ஒரே நாளில் பலமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் அல்லது அதற்கும் மேல் மின்சாரம் இல்லாத வாரங்கள் இருந்தன. இப்போது நிலைமை வெகுவாகத் தணிந்திருந்தாலும், தெருவில் கேபிள் பழுதானால் அரை நாள் போய்விடுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், அந்த நேரத்தில் எழுதப்பட்ட கோப்பு அரைகுறையாக நின்றுவிடும். அதன் பெயர் சரியாக இருக்கும்; பாட்டும் தொடங்கும்; ஒரு சரணத்தின் நடுவில் அறுந்துவிடும். வெளி டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் அமைந்ததென்றால் கோப்புறைகளே குழம்பவும் கூடும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 போன்ற முறைகள் தங்கள் மாற்றங்களைக் குறிப்பெழுதிக்கொண்டே செய்வதால் இத்தகைய அதிர்ச்சியைப் பெரும்பாலும் தாங்கிவிடும். ரவுட்டருக்கென்று பல வீடுகளில் வாங்கி வைத்திருக்கும் சிறிய யூபிஎஸ் டிஸ்க்கை ஓட்டப் போதாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் வைத்துச் செய்வதே மேல். நகலெடுக்க ஆர்சிங்க் அல்லது ரோபோகாப்பி போன்ற நிரலைப் பயன்படுத்தினால், அறுந்த இடத்திலிருந்து தொடரலாம்; ஏற்கெனவே முழுதாகப் போய்ச் சேர்ந்ததை அவை மறுபடியும் தொடுவதில்லை.

ஃபேட்32 பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிகாபைட்டை எட்ட முடியாது. ஒரு பாட்டுக்கு இது கணக்கே இல்லை. ஆனால் கூத்துப் பதிவு ஒன்றை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரே கோப்பாகக் கணினியில் ஏற்றியிருந்தால், இரண்டு மணி நேரத்தைத் தாண்டும்போதே அந்த எல்லை வந்துவிடும். அத்தகைய பதிவுகளுக்கு எக்ஸ்ஃபேட் முறையில் அமைந்த டிஸ்க் தேவை.

வடிவத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் பிரதி ஃபிளாக் வடிவில் இருக்க வேண்டும். 2001இல் வெளியான இந்த வடிவம் எவருக்கும் உரிமைத் தொகை கேட்பதில்லை. ஒலியில் ஒரு துளியும் குறைக்காமல் வேவ் கோப்பின் அளவை ஏறக்குறைய பாதியாகச் சுருக்கித் தருகிறது. வேவ் கோப்பிலும் பெயர்களைப் பதிக்க இடம் உண்டு என்றாலும், பல பிளேயர்கள் அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. ஃபிளாக் கோப்பின் தலைப்பகுதியில், சுருக்குவதற்கு முன்பிருந்த ஒலியின் எம்டி5 கையொப்பமும் (ஒலி சிறிது மாறினாலும் மாறிவிடும் ஒரு குறியெண்) பதிவாகிறது. பல ஆண்டுகள் கழித்து, பல டிஸ்க்குகள் மாறிய பின்பும், அந்தக் கோப்பு சேதமடையாமல் இருக்கிறதா என்பதை வேறெந்தப் பிரதியோடும் ஒப்பிடாமல் அதை வைத்தே சோதித்துவிடலாம். எம்பி3 ஆக இருப்பவற்றை எம்பி3 ஆகவே விட்டுவிட வேண்டும். அவற்றை ஃபிளாக் ஆக்கினால் இடம் வீணாகுமே தவிர, இழந்த ஒலி திரும்பி வராது.

இனி, நான் மிகுதியாக உழைத்த பகுதிக்கு வருகிறேன். தமிழில் பெயர் இட்ட கோப்புகள் பிளேயர் மாறும்போது படும் பாடு, ஆங்கிலத்தில் மட்டும் பாட்டு வைத்திருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று. பெரியப்பாவின் டிஸ்க்கில் சிடி, கேசட் தவிர, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்த உறவினர்கள் பல காலமாகக் கொண்டுவந்து சேர்த்த எம்பி3 கோப்புகளும் ஏராளம். அவற்றில் சிலவற்றின் பெயர்கள் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் எழுதப்பட்டவை. சில, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் வழியாக வந்த டேம், டேப் முறைகளில் எழுதப்பட்டவை. உலக மொழிகளுக்குப் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம்பெற்றுவிட்டாலும், அது பரவலாகப் புழக்கத்துக்கு வரும்வரை இந்த முறைகளே வழக்கில் இருந்தன. புதிய பிளேயர் இவற்றை ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகக் காட்டும். அது அழிந்துபோன பெயர் என்று எண்ணி நீக்கிவிடக் கூடாது; என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் இட்டால் அந்தக் குவியல் அழகான தமிழாக எழுந்து வரும்.

பாட்டின் விவரங்களைக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் இடத்துக்கு டேக் என்று பெயர். எம்பி3 கோப்பின் மிகப் பழைய டேக் முறையான ஐடி3 முதல் பதிப்பில், பாடகர் பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் 30 பைட்டுகள் மட்டுமே. ஆங்கிலத்தில் அது 30 எழுத்து. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும்; மெய்யும் அதன்மேல் ஏறும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், ‘டி’ என்ற ஓர் எழுத்துக்கே 6 பைட்டுகள் போய்விடும். அங்கே டி.எம்.சௌந்தரராஜன் என்று எழுதினால், ‘டி.எம்.சௌந்’ என்பதோடு இடம் தீர்ந்து, அடுத்த எழுத்தின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் உள்ளே நுழைந்து ஒரு சிதைந்த குறியாக நிற்கும். இந்தப் பழைய டேக்கை முற்றிலும் நீக்கிவிட்டு, ஐடி3 இரண்டாம் பதிப்பை மட்டும் வைத்துக்கொள்வதே இதற்குத் தீர்வு. எம்பி3டேக் என்ற இலவச நிரலில் ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு இதை ஒரே அழுத்தில் செய்ய முடிகிறது. ஃபிளாக் கோப்புகளில் டேக் எப்போதும் யூடிஎஃப்-8 முறையில்தான் இருக்கும். நீள வரம்பும் நடைமுறையில் குறுக்கிடுவதில்லை.

அதே பாடகரின் பெயரில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ‘சௌ’ என்பதைக் கணினியில் மூன்று விதமாக எழுதலாம். சகரத்தின் பின் ஔகாரக் குறியை ஒரே குறியீடாக இடலாம். ஒற்றைக்கொம்பையும் அதன் வலப்பக்க உறுப்பையும் இரண்டு குறியீடுகளாகப் பிரித்து இடலாம். மூன்றாவது, தவறான முறை என்றாலும் மிகப் பரவலானது: ஒற்றைக்கொம்புக்குப் பின் ளகரத்தையே தட்டிவிடுவது. திரையில் மூன்றும் ஏறக்குறைய ஒன்று போலவே தெரியும். பிளேயருக்கோ அவை மூன்று வெவ்வேறு ஆட்கள். புதிய பெட்டியில் பாடல்களை ஏற்றியதும் டி.எம்.சௌந்தரராஜன் என்ற பெயர் பட்டியலில் மூன்று இடங்களில் நின்றது. ஒவ்வொன்றின் கீழும் அவர் பாடியவற்றில் ஒரு பகுதி மட்டும் இருந்தது. கொ, கோ என்ற ஒலிகளிலும் இதே பிரிவு நேரலாம். கோவிந்தராஜனும் கோபாலகிருஷ்ணனும் அப்படித்தான் இரண்டிரண்டாகிறார்கள். 2017க்கு முந்தைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை, கோப்புப் பெயர்களில் இத்தகைய குறிகளைத் தானாகவே பிரித்து எழுதும் இயல்புடையது. எனவே ஒரு கோப்புறை மேக் வழியாக ஒரு முறையும் விண்டோஸ் வழியாக ஒரு முறையும் லினக்ஸ் டிஸ்க்குக்குப் போனால், ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே நிற்கும். எந்தப் பெயரையும் கண்ணால் பார்த்து ஒன்று என்று முடிவு செய்யாமல், ஒரு வடிவத்தைத் தேர்ந்து அதை நகலெடுத்து எல்லாவற்றிலும் ஒட்டுவதுதான் சரியான வழி.

கோப்புப் பெயரின் நீளத்துக்கும் இதே பைட்டுக் கணக்கு பொருந்தும். விண்டோஸ் 255 குறியீடுகள் வரை ஏற்கும். பெரும்பாலான லினக்ஸ் பெட்டிகள் ஏற்பது 255 பைட்டுகள். தமிழில் அது 85 குறியீடுகள். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாக எண்ணினால் ஐம்பதைச் சுற்றித்தான் வரும். கோயில், ஆண்டு, பாடியவர், பாட்டின் முதலடி என்று எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதி வைப்பது நம் வழக்கம் என்பதால், விண்டோஸில் நன்றாக இருந்த கோப்பு புதிய பெட்டிக்குப் போக மறுக்கும். கோப்புப் பெயரைச் சுருக்கமாக வைத்துக்கொண்டு, விவரங்களை டேக்கில் எழுத வேண்டும்.

டேக்கில் என்ன எழுதுவது என்பதிலும் நமக்கென்று ஓர் ஒழுங்கு தேவைப்படுகிறது. இந்தப் பிளேயர்களை வடிவமைத்தவர்களின் மனத்தில் இருப்பது, ஒரு பாடகர் அல்லது ஒரு குழு வெளியிடும் ஆல்பம். நம் திரையிசையில் ஒரு படத்தின் ஐந்து பாடல்களை எட்டுப் பேர் பாடியிருப்பார்கள். பாடகர் பெயரை மட்டும் வைத்து அடுக்கினால், ஒரே படம் எட்டுத் துண்டுகளாகச் சிதறிவிடும். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற தனி இடத்தில் இசையமைப்பாளரின் பெயரை இட்டு, ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற இடத்தில் பாடகர்களைத் தனித்தனியாக எழுதினால் படமும் சிதறாது, பி.சுசீலா பாடியவற்றை மட்டும் கேட்க விரும்புபவருக்கும் வழி இருக்கும். பாடலாசிரியருக்கும் ஓர் இடம் உண்டு. அதை வெற்றாக விடக் கூடாது என்பது என் பிடிவாதம். தேவாரம் என்றால் இயற்றியவர் இடத்தில் சம்பந்தர், அப்பர், சுந்தரர். ஓதியவர் பாடகர் இடத்தில். கோயில் பதிவுகளுக்கு ஆல்பத்தின் இடத்தில் கோயிலின் பெயரும் திருவிழாவும் ஆண்டும். சிடிகளுக்கு இணையத் தரவுத்தளங்கள் தந்த பெயர்களை அப்படியே நம்பக் கூடாது. பழைய பெட்டிகள் பல நாடிய ஃப்ரீடிபி 2020இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அது இயங்கிய காலத்திலும் தமிழ் சிடிகளுக்கான விவரங்களைத் தன்னார்வலர்கள் அவரவர் உச்சரிப்புக்கேற்ற ஆங்கில எழுத்தில்தான் இட்டிருந்தார்கள். இளையராஜாவின் பெயர் அங்கே எத்தனை விதமாக எழுதப்பட்டிருந்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எழுத்து என்றதும் இங்கே ஒரு கேள்வி எழாமல் இருக்காது. பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் காவடிப் பாட்டுகளை மனப்பாடமாகப் பாடுகிறார்கள். தமிழ் எழுத்தைப் படிக்க அவர்களால் இயலாது. பெயர்களைத் தமிழில் மட்டும் எழுதினால் அவர்களுக்குத் தொகுப்பு பூட்டியே கிடக்கும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் அவர்கள் அந்த எழுத்தைக் காணும் ஒரு வாய்ப்பையும் நாமே எடுத்துவிடுகிறோம். டேக்குகளில் ‘சார்ட்’ (sort) என்ற ஓர் இடம் உண்டு. பெயரை எப்படி அகர வரிசைப்படுத்துவது என்று பிளேயருக்குச் சொல்வதற்காக அமைந்தது அது. காட்டும் பெயரைத் தமிழிலும், வரிசைப்படுத்தும் பெயரை ஆங்கில எழுத்திலும் இட்டேன். பட்டியல் அவர்களுக்குப் பழகிய ஆங்கில வரிசையில் நிற்கிறது. விரலை நகர்த்தினால் உரிய இடத்தில் தமிழ்ப் பெயர் வருகிறது. பாட்டின் முதலடியை ஆங்கில எழுத்தில் குறிப்பு இடத்திலும் எழுதி வைத்ததால் தேடவும் முடிகிறது. எல்லாப் பிளேயர்களும் ‘சார்ட்’ டேக்கை மதிப்பதில்லை. புதிதாக வாங்குவோர் இதைக் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும். தமிழைச் சரியாகக் காட்டுகிறதா என்பதையும் கடையிலேயே பார்க்க வேண்டும். சிறிய திரை உள்ள சில பெட்டிகளில் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வரும். இன்னும் சிலவற்றில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும்.

நாங்கள் தேர்ந்தது ஒரு ராஸ்பெரி பை சிறு கணினியையும், லிரியான் மியூசிக் சர்வர் என்ற இலவச நிரலையும். ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற நெட்வொர்க் பிளேயர்களுக்காக எழுதப்பட்ட அந்த நிரல், அந்தப் பிளேயர்களின் தயாரிப்பு 2012இல் நின்ற பின்பும், ஆர்வலர்களின் உழைப்பால் இன்றுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. கைப்பேசியின் திரையில் பெயர்கள் தெரிவதால் தமிழ் எழுத்துக்குக் குறைவில்லை. இதைவிட வசதியான பெட்டிகள் கடைகளில் உண்டு. ஆயினும், பாடல்கள் சாதாரணக் கோப்புறைகளில் சாதாரணக் கோப்புகளாக இருப்பதால், அடுத்த முறை பெட்டி மாறும்போது எவரும் எக்ஸ்போர்ட்டைத் தேட வேண்டியதில்லை என்பதற்காக இதை விரும்பினேன்.

பிளேலிஸ்ட்டுகளை மறந்துவிடக் கூடாது. பெரியப்பாவின் பெட்டியில் காவடி கட்டும்போது ஒலிக்க வேண்டியவை, ஊர்வலத்துக்குரியவை, புரட்டாசிச் சனிக்கிழமைகளுக்குரியவை என்று அவர் பல்லாண்டு அனுபவத்தில் கோத்து வைத்த வரிசைகள் இருந்தன. அந்த வரிசையே ஓர் அறிவு. பாடல்கள் இருந்தாலும் வரிசை போனால் அதை மறுபடி உருவாக்க அவர் ஒருவரால்தான் முடியும். எம்3யூ வடிவத்தில் வெளியே எடுத்த பிளேலிஸ்ட் என்பது, வரிக்கு ஒரு கோப்பின் முகவரி எழுதிய சாதாரண உரைதான். முகவரிகள் பழைய பெட்டியின் டிஸ்க்கைக் குறிப்பதால் புதியதில் வேலை செய்யாது. ஒரு உரைத் திருத்தியில் திறந்து, ஒவ்வொரு வரியின் முன்பகுதியையும் மொத்தமாக நீக்கி, பிளேலிஸ்ட் இருக்கும் கோப்புறையிலிருந்து தொடங்கும் முகவரியாக மாற்றி, யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் போதும். எக்ஸ்போர்ட்டே செய்ய இயலாத பெட்டி என்றால், திரையில் தெரியும் வரிசையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒலியளவைச் சமப்படுத்துவது பற்றிச் சுருக்கமாக: பழைய கேசட் மெதுவாகவும் புதிய சிடி உரக்கவும் ஒலிப்பது இயல்பு. ரீப்ளேகெய்ன் என்ற டேக், ஒலியைத் தொடாமல் எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்ற எண்ணை மட்டும் எழுதி வைக்கும். ஒலியையே திருத்தி எழுதும் நிரல்களை மூலப் பிரதியின் மேல் ஒருபோதும் ஓட்டக் கூடாது.

எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதா என்பதைக் கோப்புகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஃபிளாக் கோப்புகளை அவற்றின் கையொப்பத்தைக் கொண்டும், மற்றவற்றை இரு பக்கமும் எடுத்த எம்டி5 பட்டியலை ஒப்பிட்டும் சோதித்தேன். அதன்பின் பெரியப்பா தமக்கு நன்கு பழகிய பாடல்களைத் தாமே தேடி எடுத்துக் கேட்டார். ராகம் பாடி முடித்துக் கீர்த்தனைக்குப் போகும் இடத்தில் இடைவெளி விழுகிறதா என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க முடியும். எம்பி3 கோப்பின் முன்னும் பின்னும் அந்த வடிவமே சிறு மௌனத்தைச் சேர்ப்பதால் சில பிளேயர்களில் அது விழும். ஃபிளாக் கோப்பில் அப்படிச் சேர்வதில்லை.

2022 ஏப்ரலில், டர்பன் அமைந்துள்ள குவாசூலு-நாட்டல் மாகாணத்தில் பெய்த பெருமழையையும் வெள்ளத்தையும் இங்கே யாரும் மறக்க முடியாது. 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண் சரிந்து வீடுகள் போயின. ஒரே வீட்டில் மூன்று பிரதிகள் இருந்தாலும் அது ஒரு பிரதிக்குச் சமம் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்ற விதியைப் பின்பற்றி, பெட்டியில் உள்ளதைத் தவிர ஒரு டிஸ்க் என்னிடமும், இன்னொன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள அக்கா வீட்டிலும் இருக்கின்றன. ஆண்டுக்கொரு முறை, தைப்பூசத்தையொட்டி, அவற்றைப் புதுப்பித்துக் கையொப்பங்களையும் சோதிப்பதாக ஏற்பாடு. கேசட்டுகளையும் நாங்கள் எறியவில்லை. டர்பனின் ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு மூடிய பெட்டியில் வைத்திருக்கிறோம்.

பெயர் தெரியாத பதிவுகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. அவற்றை ஒரு தனிக் கோப்புறையில் இட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடப் பகுதியை வெட்டியெடுத்து, சாட்ஸ்வொர்த்திலும் டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸிலும் உள்ள முதியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வருகிறேன். குரலைக் கேட்டதும் பாடியவரைச் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்; சிலர் மிருதங்கம் வாசித்தவர் யார் என்பதையும், அது எந்தக் கோயில் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதை, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் குறிப்பு டேக்கில் அன்றன்றே எழுதிவிடுகிறேன். இருவர் இரு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுகிறேன். அந்தக் கோப்புறை காலியாகும்வரை பழைய பிளேயரின் டிஸ்க்கை அழிக்கப்போவதில்லை. ஒரு பதிவு எந்தத் தேதியில் அதற்குள் ஏற்றப்பட்டது என்பது அதன் தரவுத்தளத்தில் இன்னும் இருக்கிறது, சில பதிவுகளின் காலத்தைக் கணிக்க எங்களிடம் உள்ள ஒரே தடயம் அதுதான்.